குளத்தை நம்பி வரும் பறவைகள்

ஊர் மக்களே முன்னின்று காத்துவரும் பறவைக் குடியிருப்புகளைப் பற்றி எழுதப்படுவனவற்றில், பறவைகளின் பெயரும் எண்ணிக்கையும் முதலில் வந்துவிடுகின்றன. அவற்றைத் தாங்கி நிற்கும் குளத்தின் நிலையும், அந்தக் குளத்தை நடத்தும் மக்களின் பாடும் கடைசியில் வருகின்றன, அல்லது வராமலே போகின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றாமல் எந்த மக்கள் சரணாலயத்துக்கும் பயனுள்ள உதவி செய்துவிட முடியாது என்பதற்குத் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் உள்ள கூந்தன்குளம் தக்க சான்றாக நிற்கிறது.

வடகிழக்குப் பருவமழையையும் மணிமுத்தாற்றுக் கால்வாயில் வரும் நீரையும் நம்பியிருக்கும் இந்தப் பாசனக் குளமும், அதை அடுத்துள்ள காடன்குளமும் சேர்ந்த ஏறத்தாழ 129 ஹெக்டேர் பரப்பு 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1971-இல் ஈரானின் ராம்சார் நகரில் ஏற்கப்பட்ட ஈரநில உடன்படிக்கையின் கீழ், உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் பட்டியல் ஒன்று பேணப்பட்டு வருகிறது. அதில் கூந்தன்குளம் 2022-இல் சேர்க்கப்பட்டது. ஆனால் இவ்விரண்டு அறிவிப்புகளுக்கும் மிக முன்பிருந்தே மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மட்டுமன்றி, ஊருக்குள் வீட்டு வளவுகளில் நிற்கும் மரங்களிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து வந்தன. மார்கழி, தை மாதங்களில் குளம் நிறைந்திருக்கும் வேளையில் வரும் பறவைகள் ஆனி வரை தங்குகின்றன. அதே பருவத்தில் இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் கூடு கட்டுவதற்காக அன்றி, குளிர்காலத்தைக் கழிப்பதற்காகவே இங்கு இறங்குகின்றன. நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், நீர்க்காகம் என்று பட்டியல் நீளும்.

மனித நடமாட்டத்தைக் கண்டால் விலகிப்போகும் இயல்புடைய பெரிய நீர்ப்பறவைகள் ஒரு தெருவின் நடுவே கூடு கட்டுகின்றன என்றால், அத்தெருவில் பல தலைமுறைகளாக அவற்றின்மீது கல் விழவில்லை என்று பொருள். எந்த அறிவிப்பாணையாலும் உண்டாக்க முடியாத இந்த நம்பிக்கையே கூந்தன்குளத்தின் முதல் சொத்து. இத்தகைய ஊர்கள் தமிழ்நாட்டில் வேறும் உண்டு. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் கலையக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கல் மக்களோ இன்னும் ஒரு படி மேலே சென்று, தங்கள் ஏரியில் பறவைகளைச் சுடும் சிப்பாய்களைத் தடுக்க வேண்டும் என்று செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798-இல் எழுத்து வடிவிலான உறுதியைப் பெற்றார்கள். கவுல் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட அந்த ஆவணம், ஆட்சியாளர் குடிகளுக்கு ஓர் உரிமையை ஒப்புக்கொண்டு எழுதித் தரும் பட்டயம் ஆகும். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு 174 ஆண்டுகளுக்கு முன்பே உழவர்கள் தாங்களாகக் கேட்டுப் பெற்ற பாதுகாப்பு அது என்பதையும், இயற்கைப் பாதுகாப்பு மேலிருந்து கீழே இறங்கிவந்த கருத்து என்று எழுதப்படும் வரலாறுகளில் இது போதிய இடம் பெறவில்லை என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எச்சமும் நெல்லும்

வேடந்தாங்கல் உழவர்கள் அந்த உறுதியைக் கேட்டதற்கு இரக்கம் மட்டும் காரணமன்று. பறவைகள் கூடு கட்டும் ஏரியின் நீர் பாய்ந்தால் நெல் செழிக்கிறது என்ற பட்டறிவும் காரணம். இதன் இயங்குமுறை இன்று நன்கு விளங்கிக்கொள்ளப்பட்டிருக்கிறது. பறவைகள் தங்கள் உடலில் சேரும் தழைச்சத்துக் கழிவைப் பாலூட்டிகளைப் போல நீரில் கரைத்துச் சிறுநீராக வெளியேற்றாமல், வெண்மையான யூரிக் அமிலமாக எச்சத்தோடு சேர்த்து வெளியேற்றுகின்றன. நீரில் விழும் அந்த அமிலத்தை நுண்ணுயிரிகள் அம்மோனியாவாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. எச்சத்தில் உள்ள மணிச்சத்தாகிய பாஸ்பரசும் வண்டலில் படிகிறது. மடை திறக்கும்போது இந்தச் சத்தில் ஒரு பகுதி பாசன நீரோடு வயலுக்குப் போகிறது. மற்றொரு பகுதி பாசியாகவும், பாசியைத் தின்னும் நுண்ணுயிர்களாகவும், அவற்றைத் தின்னும் மீன்குஞ்சுகளாகவும் குளத்துக்குள்ளேயே சுழல்கிறது. எஞ்சியது கோடையில் உழவர்கள் வெட்டி அள்ளும் கரம்பை மண்ணோடு வயலுக்கு வந்து சேர்கிறது.

இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. கூந்தன்குளத்தில் விழும் எச்சம் கூந்தன்குளத்து மீனிலிருந்து மட்டும் உண்டானதன்று. நூற்றுக்கணக்கான கூடுகள் உள்ள ஒரு குடியிருப்பின் குஞ்சுகளை ஒரே குளத்து மீன் வளர்த்துவிட முடியாது; நாரையும் கூழைக்கடாவும் சுற்றுவட்டாரத்துக் குளங்களுக்கும் வயல்களுக்கும் ஆற்றோரங்களுக்கும் பறந்து சென்று இரை தேடி வருகின்றன. ஆகவே, பரந்த ஒரு நிலப்பரப்பில் சிதறிக் கிடக்கும் சத்து, பறவைகளின் வழியே ஒரு குளத்தில் வந்து குவிகிறது. அந்தக் குளத்தின் ஆயக்கட்டு, அதாவது அதன் மடைநீர் பாயும் நன்செய், அந்தச் செல்வத்தை நுகர்கிறது. இந்த உண்மைக்கு மறுபக்கம் ஒன்றும் இருக்கிறது. சரணாலயம் என்று கோடு போட்டுக் காக்கப்படும் 129 ஹெக்டேர், பறவைகள் உறங்கும் வீடு மட்டுமே. அவற்றின் அடுக்களை அந்தக் கோட்டுக்கு வெளியே, சரணாலயப் பாதுகாப்பு இல்லாத சிறு குளங்களில் இருக்கிறது. அந்தக் குளங்கள் தூர்ந்தாலோ, அவற்றுக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் மறிக்கப்பட்டாலோ, அவற்றில் ஆப்பிரிக்கக் கெளுத்தி போன்ற அயல்மீன்கள் பெருகி நாட்டு மீன்களை அழித்தாலோ, கூந்தன்குளத்தில் எத்தனை காவலர்கள் இருந்தும் கூடுகளில் குஞ்சுகள் பட்டினி கிடக்கும்.

எனவே ஒரு சரணாலயத்துக்குச் செய்யும் உதவி அதன் வேலிக்குள் முடிந்துவிடக் கூடாது. வேடந்தாங்கலின் எல்லை 1998-இல் ஏரியோடு நிற்காமல் அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் தொலைவு வரை அறிவிக்கப்பட்டதில் இந்த அறிவு இருந்தது. அந்த எல்லையைச் சுருக்கும் முன்மொழிவு 2020-இல் வந்தபோது, பறவை ஆர்வலர்களும் பொதுமக்களும் அதை அவ்வளவு கடுமையாக எதிர்த்ததும் இதனால்தான். கூந்தன்குளத்துக்கு அத்தகைய இரைக்கள வளையம் ஒன்று வரையப்பட வேண்டும். அது சரணாலய எல்லையை விரித்து உழவர்களுக்குப் புதிய தடைகளை விதிப்பதாக இருக்க வேண்டியதில்லை. வளையத்துக்குள் வரும் குளங்களின் வரத்துக்கால்களைப் பழுது பார்ப்பதில் முன்னுரிமை, மீன்பாசி ஏலத்தில் அயல்மீன்களை விடக் கூடாது என்ற நிபந்தனை, வயல்களில் நஞ்சு தெளிப்பைக் குறைப்போருக்கு ஊக்கத்தொகை ஆகிய மூன்றே பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும்.

மரம், மண், நீர்

குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களின் வரலாறு தனியே சொல்லத் தக்கது. குளங்களின் உள்வாயில், அதாவது நீர் பரவி நிற்கும் பகுதியில், நாட்டுக் கருவேலம் வளர்க்கும் வழக்கம் தமிழ்நாட்டில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தால் விரிவடைந்தது. 1980-களில் சுவீடன் நாட்டு நிதியுதவியும் அதற்குக் கிடைத்தது. விறகுக்கும் ஊராட்சி வருவாய்க்கும் என நடப்பட்ட மரங்களே பல குளங்களில் பறவைகளின் குடியிருப்பாக மாறின. மாதக்கணக்கில் நீரில் நின்றாலும் அழுகாத மரம் என்பதாலும், முள் நிறைந்த கிளைகள் கூட்டுக்கு அரணாவதாலும் கருவேலம் இதற்குப் பொருத்தமானது. ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. ஆண்டுதோறும் எச்சம் படிந்து இலைகள் கருகுவதாலும், கூடுகளின் சுமையால் கிளைகள் முறிவதாலும், ஒரே காலத்தில் நடப்பட்ட மரங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் பட்டுப்போகின்றன. பட்டுப்போன பிறகு புதிதாக நடத் தொடங்கினால், கன்று கூடு தாங்கும் மரமாவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் பறவைகள் வேறிடம் தேடிப் போய்விடும். மரங்கள் நன்றாக இருக்கும்போதே ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதியாக, குளத்துக்குள் மண் திட்டுகள் அமைத்து, கருவேலத்தோடு நீர்மருது, நீர்க்கடம்பு ஆகியவற்றையும் கலந்து நட்டு வருவதே சரியான வழி. கோடையில் குளம் வற்றும் சில வாரங்களே இப்பணிக்குக் கிடைப்பதால், அந்தச் சமயத்தில் நிதி கையில் இருக்க வேண்டும். காலம் தாழ்ந்து வந்து சேரும் நிதியால் மழைக்காலத்தில் மரம் நட முடியாது.

சீமைக்கருவேலம் பற்றிய முடிவுகளிலும் இதே நிதானம் வேண்டும். மெக்சிகோ, தென் அமெரிக்கா பகுதிகளைத் தாயகமாகக் கொண்டு, இங்கு விறகுக்காகப் பரப்பப்பட்ட அந்த முள்மரம் நாட்டுச் செடிகளைப் பாதிக்கிறது என்பதில் ஐயமில்லை. எனினும் வேறு மரம் இல்லாத இடங்களில் கொக்கும் நீர்க்காகமும் அதிலேயே கூடு கட்டிவிடுகின்றன. மாற்று மரம் வளர்வதற்கு முன் ஒரே மூச்சில் அதை வேரோடு பிடுங்குவது, ஒரு கேட்டை நீக்கப்போய்ப் பறவைகளை வீடற்றவை ஆக்கிவிடும்.

தூர்வாருதல் இன்னும் நுட்பமானது. 2017-இல் குடிமராமத்துப் பணிகள் புத்துயிர் பெற்றதும், உழவர்கள் வண்டல் எடுக்க அனுமதிக்கப்பட்டதும் வரவேற்கத் தக்கவை. குடிமராமத்து என்பது ஆயக்கட்டு உழவர்கள் தங்கள் உழைப்பையும் பொருளையும் தந்து குளத்தைப் பேணிய பழைய முறை. ஆனால் இயந்திரம் வந்தபின் குளம் சட்டியைப்போல் ஒரே ஆழமாக வெட்டப்படும் பழக்கம் பரவிவருகிறது. கூழைக்கடாவும் நீர்க்காகமும் ஆழநீரில் மீன் பிடிக்கும். நாரையும் அரிவாள்மூக்கனும் முழங்கால் அளவு நீரில் மட்டுமே இரை தேடும். உள்ளான்களுக்கு நீர் வடிந்த சேறு வேண்டும். கரையோரம் ஆழமாகவும் உள்வாய் நோக்கிச் சரிந்து மேடேறியும் இருந்தால்தான் ஒரே குளத்தில் இத்தனை வகைப் பறவைகளுக்கும் இடம் கிடைக்கும். இந்தச் சரிவைக் கெடுக்காமல் வெட்டுவதற்குப் பொறியாளருக்கும் உழவருக்கும் பறவை அறிந்தவருக்கும் இடையே வேலை தொடங்குமுன் ஒரு முறையாவது கலந்து பேசும் ஏற்பாடு தேவை.

அந்த ஏற்பாடுதான் இல்லை. கரை, மடை, மிகைநீர் வழியும் கலுங்கு ஆகியன நீர்வளத் துறையின் பொறுப்பு. பறவையும் சரணாலயமும் வனத் துறையின் பொறுப்பு. தெருவும் குப்பையும் நாயும் ஊராட்சியின் பொறுப்பு. குளம் ஒன்றுதான், ஆனால் அதன் கோப்புகள் மூன்று அலுவலகங்களில் இருக்கின்றன.

சட்டம் தரும் இடம்

2002-இல் திருத்தப்பட்ட காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், தேசியப் பூங்கா, சரணாலயம் என்ற பழைய இரு வகைகளோடு இரண்டு புதிய வகைகளைச் சேர்த்தது. அரசுக்குச் சொந்தமான நிலத்தில், அங்கு வாழும் மக்களைக் கலந்து அறிவிக்கப்படுவது பாதுகாப்பு ஒதுக்ககம். தனியாருக்கோ சமுதாயத்துக்கோ சொந்தமான நிலத்தில், அவர்கள் தாமாக முன்வந்து கேட்கும்போது அறிவிக்கப்படுவது சமுதாய ஒதுக்ககம். இவற்றில் முதல் வகையில் இந்தியாவிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்ட இடம் திருநெல்வேலிச் சீமையிலேயே இருக்கிறது என்பது இப்பகுதி மக்கள் பெருமை கொள்ளத் தக்க செய்தி. தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர்க் கோயிலை ஒட்டிய மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் கூடு கட்டும் பறவைகளைக் காக்க அவ்வூரார் விரும்பியதன் பயனாக, 3 ஹெக்டேருக்கும் குறைவான அந்தத் தோப்பு 2005-இல் பாதுகாப்பு ஒதுக்ககம் ஆனது. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில், கூந்தன்குளத்தைப் போலவே தெருமரங்களில் நாரையும் கூழைக்கடாவும் குடியிருக்கும் கொக்கரெ பெள்ளூர் 2007-இல் சமுதாய ஒதுக்ககமாக அறிவிக்கப்பட்டது.

கூந்தன்குளம் அறிவிக்கப்பட்ட 1994-இல் இந்த வகைகள் இல்லை. பெயரை இப்போது மாற்ற வேண்டும் என்பதன்று கருத்து; சரணாலயம் தரும் கடுமையான பாதுகாப்பைக் கைவிடுவது அறிவுடைமை ஆகாது. அதே சட்டத் திருத்தம் சரணாலயங்களுக்கும் ஊராட்சிப் பிரதிநிதிகளை உள்ளடக்கிய ஆலோசனைக் குழுவை அமைக்க வழி செய்திருக்கிறது. அந்தக் குழு பெயரளவில் இல்லாமல் ஆண்டுக்குச் சில முறையேனும் குளக்கரையிலேயே கூடி, மூன்று துறைகளையும் ஒரே இடத்தில் உட்காரவைத்தால், மேலே சொன்ன கோப்புகள் ஒன்றையொன்று சந்திக்கும்.

கொக்கரெ பெள்ளூரிலிருந்து கற்க வேண்டிய மற்றொரு பாடம் இழப்பீடு. கூடுள்ள புளியமரத்தில் காய் உலுக்க முடியாது, கூடு கலைந்துவிடும். வளவில் மரம் வைத்திருக்கும் வீட்டார் அந்த வருவாயை இழப்பதோடு, ஓட்டில் படியும் எச்சத்தையும், குஞ்சுகளுக்குக் கொண்டுவரப்பட்டுக் கீழே விழுந்து அழுகும் மீனின் வீச்சத்தையும், விடியுமுன் தொடங்கும் இரைச்சலையும் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். கர்நாடக வனத் துறை கூடுள்ள மரங்களின் உடைமையாளர்களுக்குத் தொகை வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் மக்களின் பறவைப் பாசத்தைப் போற்றிப் பேசப்படும் அளவுக்கு, அந்தப் பாசத்துக்கு அவர்கள் கொடுக்கும் விலை பேசப்படுவதில்லை. அடுத்த தலைமுறை மண்சுவரையும் ஓட்டையும் விட்டு மாடி வீடு கட்டும்போது, வளவு மரத்தை வெட்டுவதா வைத்திருப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழும். அந்த நேரத்தில் புகழுரை எந்த மரத்தையும் காப்பாற்றாது.

எதைக் கற்பிப்பது, யாருக்கு

சரணாலயங்களில் அமைக்கப்படும் கல்வி மையங்கள் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வருவோரை மனத்தில் வைத்துக் கட்டப்படுகின்றன. பறவைப் படங்களும், அறிவியல் பெயர்களும், ஒரு பார்வைக் கோபுரமும் இருந்தால் வேலை முடிந்தது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அது போதும். ஆனால் கூந்தன்குளத்தில் பறவைகளை நாளைக்கும் காக்கப்போவது உள்ளூர்ப் பள்ளியில் இன்று படிக்கும் பிள்ளைகள். அவர்களுக்குப் பறவையின் பெயர் தெரியும், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எப்படித் தூக்குவது என்பதும் தெரியும். இவ்வூரில் காவல் பணி செய்தோர் விழுந்த குஞ்சுகளைப் பட்டியில் அடைத்து, மீன் ஊட்டி, பறக்கும் வரை வளர்த்துவிட்ட அனுபவம் எந்தப் பாடநூலிலும் இல்லாத கல்வி. அந்த அறிவு முதியவர்களின் நினைவில் மட்டும் இருக்கும்வரை ஆபத்தில் இருக்கிறது என்பதால், கூந்தன்குளத்துக் கல்வி மையத்தின் முதல் வேலை அதை ஒலிப்பதிவாகவும் எழுத்தாகவும் தமிழில் சேர்த்துவைப்பதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது வேலை அளப்பது. மணிமுத்தாற்றில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம் நடத்தும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் இதற்கு நல்ல வழிகாட்டி. 2011 முதல் ஆண்டுதோறும் தை மாதத்தை ஒட்டி, மாணவர்களையும் தன்னார்வலர்களையும் அணிகளாகப் பிரித்து, தாமிரபரணிப் படுகையின் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியை அது ஒருங்கிணைத்து வருகிறது. கணக்கெடுப்பின் பயன் எண்ணிக்கையோடு முடிவதில்லை. எந்தக் குளத்தில் எந்த ஆண்டு எந்தப் பறவை குறைந்தது என்பதைத் தொடர்ந்து பார்த்தால்தான், அந்த ஆண்டு அங்கே மண் அள்ளினார்களா, நீர் வரவில்லையா, குப்பை கொட்டினார்களா என்ற கேள்வியைச் சான்றோடு எழுப்ப முடியும். முன்னர் சொன்ன இரைக்கள வளையத்தை வரையவும் இத்தகைய தரவுதான் அடிப்படை. 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடெங்கும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் பள்ளிப் பிள்ளைகள் எளிதில் பங்கேற்கலாம்.

கூந்தன்குளத்து மையத்தில் கண்ணாடிப் பெட்டிகளைவிட முதலில் இருக்க வேண்டியவை ஒரு மழைமானி, குளத்தில் நட்ட அளவுகோல், எண் இடப்பட்ட கூட்டு மரங்களின் வரைபடம், நாள்தோறும் பிள்ளைகள் எழுதும் ஒரு பதிவேடு ஆகியவை. மடை எப்படி இயங்குகிறது, கலுங்கு எந்த மட்டத்தில் வழிகிறது, வரத்துக்கால் எந்தெந்த ஊர்களைக் கடந்து வருகிறது என்பவை பறவைப் பாடத்தின் பகுதியாகவே கற்பிக்கப்பட வேண்டும். கோடையில் பறவையும் நீரும் இல்லாத வாரங்களில் மையத்தைப் பூட்டிவைப்பது வழக்கம். உண்மையில் குளத்தின் தரையில் நடந்து, சரிவையும் வண்டலையும் தொட்டுப் பார்த்துக் கற்க அதைவிட நல்ல பருவம் இல்லை. வெளியூர்ப் பார்வையாளர்களை அழைத்துச் செல்லும் பணியை உள்ளூர் இளைஞர்களுக்கே பயிற்சி தந்து ஊதியத்தோடு ஒப்படைத்தால், நுழைவுக் கட்டணம் எங்கோ போய்ச் சேராமல் அதன் ஒரு பகுதி ஊரிலேயே தங்கும். எந்தப் புதிய கட்டடமும் உள்வாயில் எழும்பக் கூடாது; இரவு விளக்கு கூடுகளை நோக்கி எரியக் கூடாது.

பிள்ளைகள் எழுதும் அந்தப் பதிவேட்டுக்கு ஒரு நேரடிப் பயனும் உண்டு. இப்பகுதி உழவர்களின் பிசானம் என்பது ஐப்பசி, கார்த்திகையில் நட்டு மாசி, பங்குனியில் அறுவடையாகும் நெற்பருவம். அறுவடை முடிந்ததும் குளத்து நீரின் தேவை உழவர்களுக்குக் குறைகிறது. மிச்ச நீரை வேறு பயிருக்கு இறைத்துவிடவோ வடித்துவிடவோ தடை இராது. ஆனால் மஞ்சள்மூக்கு நாரையின் முட்டை பொரிய ஒரு மாதமும், குஞ்சு பறக்க ஏறத்தாழ இரண்டு மாதமும் ஆகும். கூழைக்கடாவுக்கு அதற்கும் மேல் ஆகும். மரத்தடியில் நீர் வடிந்துவிட்டால் நாயும் கீரியும் எளிதாகக் கூடுகளுக்குக் கீழே வந்துவிடும். விழுந்த குஞ்சு தப்பாது. ஆகவே சித்திரை முதல் ஆனி வரை குளத்தில் எவ்வளவு நீர் நிறுத்த வேண்டும் என்பதே ஒவ்வோர் ஆண்டும் எழும் மெய்யான கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டிய இடம் சென்னையிலுள்ள தலைமை அலுவலகம் அன்று. மே 1 அன்று சட்டப்படி கூடும் கிராம சபை. பள்ளிப் பிள்ளைகள் எழுதிய பதிவேட்டிலிருந்து அன்றைய நீர்மட்டமும், குஞ்சுள்ள கூடுகளின் எண்ணிக்கையும் அக்கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, மடையைத் திறப்பதா மூடுவதா என்று ஆயக்கட்டு உழவர்கள் அங்கேயே தீர்மானம் எழுதி, அதன் படியை நீர்வளத் துறைக்கும் வனத் துறைக்கும் அனுப்பலாம். இறைவைப் பயிரை விட்டுக்கொடுக்கும் உழவருக்கான தொகையையும் அதே தீர்மானத்தில் கேட்கலாம்; சரணாலய வளர்ச்சிக்கென வரும் நிதியில் முதல் ஒதுக்கீடு அதற்கே செய்யப்பட வேண்டும்.